நின்று எடுத்த படம்

மேசையில் ஏறப் போனார்.
படுக்க வேண்டாம்மா, நில்லுங்க.
படுத்தால் மூட்டு பொய் சொல்லும்:
எடை இறங்காத எலும்புகள் விலகி
இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டும்.

"நிக்கத் தெரியும்" என்றார் திம்மக்கா.
சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி முடிய
காவேரிப்பட்டணம் சாலை மாங்கூழ் ஆலையில்
ஈரச் சிமெண்டுத் தரைமேல்
தினம் பத்து மணி நேரம் நிற்கிறவர்.

ரப்பர் செருப்பைக் கழற்றி
சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி
பலகையில் முதுகைக் கொடுத்தார்.
காய்ப்பால் பட்டுக் கறுத்த நகங்கள்.
ஈயத்தில் வார்த்த இரண்டு எழுத்துகளை
வலது இடது பார்த்து ஒட்டிவிட்டுக்
கண்ணாடிக்குப் பின்னால் போய்
அசையாதீங்க என்றேன்.
கிருஷ்ணகிரிக்கு வந்த பதினாறு வருடத்தில்
நான் அதிகம் பேசிய வார்த்தை.

திரையில் வந்தன
தொடை எலும்பின் இரட்டைக் குமிழ்,
கீழே கால் எலும்பின் மேடை,
நடுவே ஒரு கறுப்புக் கோடு.
குருத்தெலும்பு அந்தக் கறுப்புக்குள் இருக்கிறது.
முழுசாக இருக்கும்போதும்
நான் அதைப் பார்த்ததில்லை.
இரண்டு எலும்புக்கும் உள்ள தூரத்தை அளந்து
இவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்கிறோம்.

"நடுவுல ஒண்ணுமே காணோமே?"
கெட்டியானதைத்தான் இந்தக் கதிர் பிடிக்கும் என்றேன்,
மெத்தென்று இருப்பதை விட்டுவிடும்.
"எங்க மிஷினேதான்.
சதையெல்லாம் கூழாப் போயிடும்,
எங்க கைக்கு வர்றது கொட்டை."

இடது மூட்டில், உள்பக்கம்,
கோடு நூலாக இளைத்திருந்தது.
உரசி உரசி இறுகிய எலும்பு
சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து,
ஓரத்தில் ஒரு முள் வளைந்து நீண்டிருந்தது.
நான் சொல்லும் முன்பே அவர் பெயர் வைத்தார்:
"கிளிமூக்கு மாங்கா."
வலதில் பெரிதாக ஒன்றும் இல்லை.
நாற்பத்தேழு வயதுக்கு நல்ல மூட்டு.

எதும்மா வலிக்குது?
"வலது."
மறுபடி கேட்டேன்.
"வலதுதான் சார். ராத்திரி ஒரு கண்ணு மூட விடாது."
அப்போ இடது?
"அது பாவம். வாயே தெறக்காது."

வலிக்கு நிழல் விழாது.
எம்.ஆர்.ஐ. எடுத்தால்
குருத்தெலும்பே சாம்பல் பட்டையாகத் தெரியும்,
எலும்புக்குள் ஊறிய நீர் வெள்ளையாக ஒளிரும்,
வலது காலின் வழக்கு அங்கே பதிவாகியிருக்கலாம்.
டாக்டர் எழுத வேண்டும்.
தேதி கிடைக்க மாதம் ஒன்றாகும்.
அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

அவர் கேட்டு வந்தது மருந்தும் இல்லை.
ஒரு ஸ்டூல்.
கால் கெட்டுப் போச்சுன்னா படம் கொண்டா,
உட்கார வைக்கிறேன் என்று
சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"அந்த ரெண்டு எழுத்தையும்
மாத்தி ஒட்டி இன்னொண்ணு எடுங்களேன்."

முடியாதும்மா.
நாளைக்கு ஒருத்தர் இதைப் பார்த்துக்
கத்தி வைத்தால்?
"கத்தி வைக்கிறவன் வரட்டும்,
அப்போ பேசிக்கலாம்."

மாற்றவில்லை.
இரண்டு முழங்காலும் ஒரே பிலிமில் விழ
அடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது
எதிரே பேருந்து நிறுத்தத்தில் இருந்தார்.
பிலிமை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.
பிறகு பின்பக்கமாகத் திருப்பினார்.
ஈய எழுத்துகள் கண்ணாடியில் போலப் புரண்டு நிற்க
இடது வலதாயிற்று.
திருப்பியபடியே உறைக்குள் நுழைத்தார்.

காவேரிப்பட்டணம் பேருந்து வர நேரமாயிற்று.
உட்கார அங்கே இடமில்லை.
வலது காலை லேசாகத் தூக்கி,
உடம்பு மொத்தத்தையும்
வாயே திறக்காத அந்த
இடது காலின்மேல் போட்டு
நின்றுகொண்டிருந்தார்.